காலி வண்டி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கே வெள்ளியங்கிரி தன் மோட்டார் சைக்கிளை வாசலில் சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டான். ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய், பழைய பிரஷ் ஒன்று, கை துடைக்க ஒரு கத்தை பனியன் வேஸ்ட். மாதத்தில் இரண்டு ஞாயிறு இந்தப் பூசை நடக்கும். செயினைக் கழுவி எண்ணெய் விடுவான். பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் குனிந்து காது கொடுத்துக் கேட்பான். எங்கேயாவது 'கிர்'ரென்று ஒரு சத்தம் வந்தால் அதைக் கண்டுபிடிக்கும்வரை அவனுக்குச் சோறு இறங்காது.

அன்றைக்குச் சத்தம் வரவில்லை. ஆனால் வலது பக்கத்துப் பின் ஷாக் அப்சார்பரின் அடியில் எண்ணெய் வழிந்து, அதில் புழுதி ஒட்டிக் கறுப்பாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தான்.

"போச்சு. ஷாக்கு எண்ணெ கக்கிருச்சு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவன் மனைவி சித்ரகலா டீ கொண்டுவந்து வைத்தாள். குனிந்து வைக்க முடியாமல், ஒரு கையைச் சுவரில் ஊன்றி, முழங்காலை மடக்கி இறங்கி வைத்தாள். அவன் அதைப் பார்க்கவில்லை.

நேற்று மாலையிலிருந்தே அவளுக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். மணிக்கு ஒரு தரம் மிஷினை விட்டு எழுந்து நின்றால் லைன் என்ன ஆகும், அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டு உன்னைக் கைமடிக்குத்தான் போடுவேன் என்று சொல்லிவிட்டார். கைமடி என்றால் டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுப்பது, நூல் வெட்டுவது, அடுக்குவது. அந்த வேலையில் நாலு வருடம் நின்ற பிறகுதான் சித்ரகலா ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தாள். அந்த நாற்காலியை அவள் சுலபமாக வாங்கிவிடவில்லை.

எல்லாவற்றையும் சொன்னாள். வெள்ளியங்கிரி எண்ணெயைத் துடைத்தபடியே கேட்டான்.

"உக்காந்து வேல செஞ்சா இடுப்பு வலிக்கத்தாம் புள்ள செய்யும். எல்லாத்துக்கும் இருக்கறதுதான?"

"மிஷின்ல உக்காந்து வலிச்சா சாயங்காலந்தானுங்க வலிக்கோணும்? எனக்குக் காத்தால கம்பெனி வாசல்ல எறங்கறப்பவே வலிக்குது."

தைலம் தேய்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவன் மறுபடியும் சக்கரத்தின் பக்கம் குனிந்தான்.

வெள்ளியங்கிரி கெட்டவன் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை. கட்டிங் முடிந்த பீஸ்களை மூட்டை கட்டிக் கம்பெனியிலிருந்து, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அவன் தொழில். அதற்கு முன்னால், தினமும் காலையில் மனைவியை ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அவள் கம்பெனியில் இறக்கிவிடுவான். சாயங்காலம் போய்க் கூட்டி வருவான். தெருவில் அவனை நல்ல புருசன் என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மூட்டை ஏற ஏற வண்டியின் பின்பக்கம் இறங்கி, மட்கார்டு டயரில் உரசத் தொடங்கியது. ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஐந்து படி உண்டு. அதை ஐந்தாவது படிக்குத் திருப்பி வைத்தான். அதுவும் போதவில்லை. பழைய லாரி டயர் ஒன்றை வெட்டி, பக்கத்துக்கு நாலு துண்டு வீதம் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே சுத்தியலால் அடித்து இறக்கி, நழுவாமலிருக்க பனியன் வேஸ்ட்டை முறுக்கிக் கட்டினான். அதற்குப் பிறகு பத்து மூட்டை ஏற்றினாலும் வண்டி அசையவில்லை. மூட்டை ஓட்டும் இன்னும் மூன்று பேருக்கு இந்த வித்தையை அவனே சொல்லிக் கொடுத்தான்.

ரோட்டில் போகும்போது, "இடுப்பு வலிக்குதுங்க, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்று சித்ரகலா பின்னாலிருந்து சொல்வாள். "இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னுக்கும்" என்பான். அவன் பதில் மாறாததால் அவள் கேட்பதையும் குறைத்துக்கொண்டாள். போன வாரம் அவளைக் கூட்டி வரும் வழியில் ஜாப் ஒர்க் முதலாளி செல்போனில் கூப்பிட்டார். ஓரமாக நிறுத்திப் பேசினான். "லோடு ஒண்ணும் இல்லீங்க, காலி வண்டியாத்தான் வர்றேன். பத்து நிமிசத்துல வந்தர்றனுங்க" என்றான். டிபன் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்த சித்ரகலா அதைக் கேட்டாள்.

டீயைக் குடித்துவிட்டு வெள்ளியங்கிரி டயர் துண்டுகளை நெம்ப ஆரம்பித்தான். இரண்டு வருடம் நசுங்கிக் கிடந்த ரப்பர் ஸ்பிரிங்கோடு ஒட்டிப் போயிருந்தது. ஸ்குரூ டிரைவரைக் கொடுத்து அழுத்தினான். அது வழுக்கி வலது உள்ளங்கையைக் கிழித்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்துப் போர்ஷன் சகாயராஜ் ஸ்பானரோடு வந்தான். தூத்துக்குடிப் பக்கத்துக்காரன், கம்பெனி ஒன்றில் தையல் மிஷின் மெக்கானிக். காயத்தைக் கழுவித் துணி சுற்றிவிட்டு வண்டியைப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, ஸ்பிரிங்குக்கே முட்டுக் குடுத்து வச்சிருக்கீய? பெறவு அது எங்கிட்டு அமுங்கும்?"

"அமுங்கக் கூடாதுன்னுதானப்பா வெச்சது."

"அப்ப ரெண்டு இரும்புக் கம்பிய வச்சு வெல்டிங் அடிச்சிருக்கலாம்லா. பாவம், ஷாக்காவது தப்பிச்சிருக்கும்."

சுருள் அமுங்கித்தான் குழியின் அடியை வாங்க வேண்டும், அதை அமுங்க விடாமல் அளவுக்கு மேல் பாரமும் ஏற்றினால் எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் சீல் எத்தனை நாள் தாங்கும் என்று சகாயராஜ் விளக்கினான். ஒன்று மட்டும் மாற்றினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்றும் சொன்னான். ராயபுரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை மதியம்வரை திறந்திருக்கும். வெள்ளியங்கிரியின் கையால் ஆக்ஸிலேட்டரைப் பிடிக்க முடியாது. ஆகவே அதே வண்டியைச் சகாயராஜ் ஓட்ட, வெள்ளியங்கிரி பின்னால் ஏறினான்.

வண்டி வாங்கி நாலு வருடம் ஆகிறது. அந்த சீட்டின் பின்பாதியில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடிய ரோடு. முதல் குழியில் வண்டி இறங்கி ஏறியபோது நடு முதுகில் கட்டையால் அடித்ததுபோல் இருந்தது. இரண்டாவது குழியில் பல்லோடு பல் மோதியது. தினமும் இரண்டு வேளை அவன் ஓட்டிப் போகிற ரோடுதான் அது. முன்னால் இருக்கிறவனுக்குக் குழி வருவது கண்ணுக்குத் தெரியும், காலை ஊன்றி லேசாக எழுந்துகொள்வான். பின்னால் இருக்கிறவர் நேராகச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தெரிவதெல்லாம் ஓட்டுகிறவன் முதுகு மட்டும். வெள்ளியங்கிரியாவது இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். சித்ரகலா சேலையோடு ஒரு பக்கமாக, இடுப்பைத் திருகி உட்காருவாள். ஒரு கை டிபன் பையில் இருக்கும்.

"சகாயம், கொஞ்சம் மெதுவாப் போ."

"இதுக்கு மேல மெதுவாப் போனா வண்டி நின்னு போவும் அண்ணாச்சி. இருவதுலதான் போறேன்."

வெள்ளியங்கிரிக்குச் சுருக்கென்றது. அது அவனுடைய பதில்தான். வாய் மட்டும் வேறு ஆளுடையது. திரும்பும்போது ரோடு ரொம்ப மோசமாக இருந்த இடத்தில் இறங்கி நடந்தே வந்தான். புது ஷாக் இரண்டையும் முன்னால் வைத்துக்கொண்டு கூடவே உருட்டி வந்த சகாயராஜ், சொந்த வண்டிக்குப் பயந்து நடந்து வருகிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று சிரித்தான்.

பகல் பன்னிரண்டு மணிக்கு வேலை ஆரம்பித்தது. ஒரு பக்கத்து ஷாக்கைக் கழற்றி, புதியதை மாட்டி முறுக்கிய பிறகுதான் மறுபக்கத்தைக் கழற்றினார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் பின்சக்கரம் தாங்கலில்லாமல் தொங்கிவிடும். போல்ட்டுக்கு கிரீஸ், வாஷர் இருந்த இடத்தில் வாஷர். டயர் துண்டு எட்டையும் வெள்ளியங்கிரி எடுத்துக் குப்பையில் போட்டான். ஸ்பிரிங்கை இரண்டாவது படியில் வைத்தான். சீட்டைக் கையால் அழுத்தினான். அமுங்கி, பொறுமையாக ஒரு தடவை மேலே வந்து நின்றது.

சகாயராஜ் போனதும் சித்ரகலாவைக் கூப்பிட்டான். அவளை உட்காரச் சொல்லிவிட்டு ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்ப எப்பிடி இருக்குது?"

"ரோட்டுல போனாத்தானுங்க தெரியும்."

அவன், இன்றைக்குப் பின்னால் உட்கார்ந்து போனதையும், இப்போதுகூட முதுகு வலிப்பதையும் சொன்னான். "நாந் தப்புப் பண்ணிட்டம் புள்ள. இத்தன நாளு நீ சொன்னது நெசந்தான்" என்றான்.

சித்ரகலா வண்டியிலிருந்து இறங்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வண்டில சின்னச் சத்தம் வந்தாக் காது குடுத்துக் கேக்கறீங்க. நா ரெண்டு வருசமா வாய் விட்டுச் சொன்னனுங்க. உங்க முதுகு வலிச்சதும் எம் முதுகு வலிச்சது நெசமாயிருச்சு. நீங்க உக்காந்து பாத்து நம்பறதுக்கு நா எதுக்குங்க? ஒருத்தரு வலிக்குதுன்னு சொன்னா, அது வலிதான்னு அப்பவே நம்போணும். பொம்பள சொன்னாலும் நம்போணும்."

வெள்ளியங்கிரி சரிங்க என்பதுபோல் தலையை ஆட்டினான். கட்டிய மனைவிக்கு அவன் அப்படித் தலையாட்டியதும் அன்றைக்குத்தான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலையில் கை வலி குறைந்திருந்தது. சித்ரகலாவை ஏற்றிக்கொண்டு அவன் முதலில் போனது அவள் கம்பெனிக்கு. கேட்டில் காத்திருந்து சூப்பர்வைசரைப் பார்த்தான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், ஒரு வாரம் மிஷினை வேறு ஆளுக்குக் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டான். டாக்டர் சீட்டைக் கொண்டுவந்து காட்டினால் ஒரு வாரம் பொறுத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார் அவர். அந்த அளவுக்காவது ஆயிற்று.

ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் செல்போன் அடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினான். ஜாப் ஒர்க் முதலாளிதான். பல்லடத்துக்குப் பத்து மூட்டை காத்திருக்கிறது, காலி வண்டிதானே, சீக்கிரம் வா என்று அவசரப்படுத்தினார்.

"இனி ஒரு நடைக்கு ஆறு மூட்டைதானுங்க. ரெண்டு நடையாக் கொண்டாந்து தர்றேன்" என்றான் வெள்ளியங்கிரி. அவர் ஏதோ சத்தம் போட்டார். அவன் கேட்டுக்கொண்டான். பிறகு நிதானமாகச் சொன்னான்:

"இது காலி வண்டி இல்லீங்க. பின்னால எங்கூட்டுக்காரி உக்காந்திருக்கறா. இடுப்பு வலிக்குதுன்னு சொல்றா. மெதுவாத்தானுங்க வருவேன்."