சட்டைக்கு இலாகா மாற்றம்

அந்த வீட்டில் ஒரு சட்டை சாவதற்கு வெகுகாலம் பிடிக்கும். முதலில் அது வெளியில் போட்டுக்கொள்ளும் சட்டை. காலர் நைந்ததும் வீட்டுச் சட்டை. முழங்கை கிழிந்ததும் தலையணை உறை. அதுவும் இற்றுப்போனால் சதுரம் சதுரமாக வெட்டி அடுப்படித் துணி, பிறகு தரைத் துணி. கடைசியில் பால்கனித் தொட்டிகளின் அடியில், மண் ஒழுகாமல் பிடித்துக்கொள்கிற கந்தல்.

"தூக்கித்தான் போடுங்களேன். பாக்கவே பாவமா இருக்கு," என்பாள் அவள்.

"அதெப்படி மேடம்? அது இன்னும் ரிடையரே ஆகலையே. இலாகா மாத்தியிருக்கு, அவ்வளவுதான்," என்பான் கணவன்.

அவன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். "ஊர்ல இருக்கறவங்க ஃப்ரிட்ஜை எல்லாம் நான்தானே தொறந்து பாக்கறேன். போன வாரச் சாப்பாடு பின்னாடி மூலைல கேக்க நாதியில்லாம உக்காந்திருக்கும். அதைக் குளிர வைக்கத்தான் பகலும் ராத்திரியும் மிஷின் ஓடுது," என்று சலித்துக்கொள்வான். அதனாலோ என்னவோ, சொந்த வீட்டில் ஒரு சொட்டு வீணாக விடமாட்டான். அரிசி கழுவின தண்ணீர் செடிக்கு. துணி அலசிய தண்ணீர் தரை துடைக்க. காய் வாங்கி வந்த பாலிதீன் கவரைக்கூடக் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காய வைப்பான்.

கல்யாணமான புதிதில், சரியான கஞ்சனிடம் வந்து மாட்டிக்கொண்டோம் என்றுதான் அவள் நினைத்தாள். ஒருநாள் சோறு முக்கால் பதம் வெந்திருந்தபோது அவன் வந்து அடுப்பை அணைத்தான். மூடியை அழுத்தி வைத்தான்.

"இன்னும் வேகலைங்க."

"மிச்சத்தை அந்தச் சூடு பாத்துக்கும். நீ வா, வந்து இப்படி உக்காரு."

அடுப்பில் மிச்சம் பிடித்த அந்தக் கொஞ்ச நேரம் தினமும் அவளுக்குத்தான் கிடைத்தது. சமையலறை வாசற்படியில் தோளோடு தோள் உரச உட்கார்ந்துகொண்டு, கண்ணாடிக் கடையில் அன்றைக்கு யார் வந்தார்கள், எந்த மாமா தனக்குப் பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்று சண்டை போட்டார் என்றெல்லாம் அவனுக்குச் சொல்வாள். அவளுக்கு அங்கே லென்ஸ் பொருத்தும் வேலை. "வெந்துருச்சா?" என்று உள்ளறையிலிருந்து மாமியார் குரல் கொடுப்பாள். "இல்லம்மா, இன்னும் நேரமாகும்," என்று சோற்றைப் பார்க்காமலேயே சொல்வான் மகன்.

ஒருநாள் பட்டறையில் கம்ப்ரசரைத் தூக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்த உறவுக்காரப் பெண்கள் நல்ல மனசோடு அழுக்குக் கூடையில் இருந்ததையெல்லாம் துவைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகுதான் அவள் தேட ஆரம்பித்தாள். அவனுடையது என்று எடுத்து முகத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ள ஏதாவது ஒன்று. அலமாரியில் மூன்று சட்டைகள், மூன்றிலும் சோப்பு வாசனை. தலையணை உறைகளையும் துவைத்தாகிவிட்டது. சேர்த்து வைப்பவன் என்று பேர் எடுத்தவன், தனக்கென்று ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. எல்லாமே வேறு ஏதோவாக மாறி, வீடு முழுக்க வேலை பார்த்துக்கொண்டிருந்தன. மாமியார் ஒரு பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அடுப்பின் பர்னரைத் தேய்த்துக்கொண்டிருந்ததை ஒரு காலையில் பார்த்தாள். அது அவனுடைய பிரஷ். அவன் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஒரு மாதம் கழித்துப் பட்டறை முதலாளி கண்ணாடிக் கடைக்கே வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம்.

"கதவுக்குப் பின்னாடி ஆணில தொங்கிட்டிருந்துச்சும்மா. அன்னைக்கு வீட்லேர்ந்து போட்டுட்டு வந்தது. இதைக் கழட்டி மாட்டிட்டு வேலைச் சட்டையப் போட்டுக்கிட்டான். நான்தான் கவனிக்கல."

நீலக் கட்டம் போட்ட சட்டை. காலர் நைய ஆரம்பித்திருந்தது. கடையின் பின்னறையில் அதைப் பிரித்தபோது அவன் அப்படியே இருந்தான். வியர்வை, தலைக்கு வைக்கும் எண்ணெய், கழுத்தோரத்து வாடை. காற்றுப்பட்டால் போய்விடுமோ என்று பயந்து, வீட்டுக்கு வந்ததும் ஒரு கவரில் போட்டு இறுக்கிக் கட்டி, தன் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தாள். தாங்க முடியாத நாட்களில் மட்டும் முடிச்சைத் தளர்த்தி ஒருமுறை முகர்வாள். அதிகம் முகர்ந்தால் தீர்ந்துவிடும். அவனிடம் கற்றுக்கொண்ட சிக்கனம்.

இரண்டு மாதம் அப்படி ஓடியது. ஒருநாள் சாயங்காலம் அவள் வேலையிலிருந்து வந்தபோது பால்கனிக் கொடியில் நீலக் கட்டத் துணிகள் சதுரம் சதுரமாகக் காய்ந்துகொண்டிருந்தன. பக்கத்திலேயே தையல்காரர் கத்தரித்ததைப் போல நேராக வெட்டப்பட்ட ஒரு கைப்பகுதி.

மாமியார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அத்தை, என் அலமாரில ஒரு கவர் இருந்துச்சே."

"ஆமாம்மா. காய் வாங்கப் போகலாம்னு பாத்தா கவரெல்லாம் ஈரமாக் கெடந்துச்சு. அதான் உன்னுது ஏதாவது இருக்குமான்னு தேடினேன்."

"உள்ள இருந்தது?"

"தோச்சேன். காலர் போயிருந்துச்சு. வெட்டிட்டேன்."

"தோச்ச தண்ணி?"

"எந்தத் தண்ணி?"

"அந்தச் சட்டையத் தோச்ச தண்ணி அத்தை."

"தரை தொடச்சேன். அலசின தண்ணியத் தொட்டிக்கு ஊத்திட்டேன்." மாமியார் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அவள் கொடிக்குப் போய் ஒவ்வொரு துண்டாக எடுத்து முகர்ந்தாள். சோப்பு. வெயில். மறுபடி முதல் துண்டிலிருந்து ஆரம்பித்தாள். பிறகு உள்ளே வந்து தரையைப் பார்த்தபடி நின்றாள்.

"அது அவர் சட்டைன்னு உங்களுக்குத் தெரியலையா?"

"பெத்தவளுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சேதான் பண்ணினீங்களா?"

மாமியார் கையிலிருந்த தண்டைக் கீழே வைத்தாள். "முடிச்சை அவுத்ததும் குப்புன்னு அடிச்சுதும்மா. பின்னாடி வந்து நிக்கிறான்னு நெனச்சு, 'வந்துட்டியாப்பா'ன்னு வாய்விட்டுக் கேட்டுட்டேன். திரும்பிப் பாத்தா யாருமில்ல. கட்டி வச்சுட்டு அடுப்படிக்குப் போனேன். அங்க இருப்புக் கொள்ளல. மறுபடி வந்து அவுத்தேன். மறுபடியும் கேட்டுட்டேன்." மூச்சு வாங்கினாள். "மூணாவது தடவையும் கேட்டா நான் நானா இருக்கமாட்டேன்னு தோணுச்சு. பக்கெட்ல போட்டு அமுக்கிட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீ எங்கிட்டச் சொன்னியா? இத்தனை நாளா அவனை நீ ஒருத்தியே வச்சிருந்தியே."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கீரை அப்படியே கிடந்து வாடியது. அன்றைக்கு யாரும் சமைக்கவில்லை.

மறுநாள் நீலத் துணிகள் மடித்து அடுப்பு மேடையோரம் அடுக்கியிருந்தன. யார் மடித்தது என்று அவள் கேட்கவில்லை. அவற்றால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க இருவருக்கும் கை வரவில்லை. பிடித்து அழவும் அதில் ஒன்றும் மிச்சமில்லை. மேடையில் சிந்தியது சிந்தியபடியே காய்ந்து கறையானது.

அந்த வாரக் கடைசியில் வேலை முடிந்து வரும் வழியில் அவள் ஒரு டிஷ்யூ பேப்பர் உருளை வாங்கினாள். துடைத்துவிட்டு எறிந்துவிடுகிற வகை. அந்த வீட்டுக்குள் அப்படி ஒன்று வந்ததே இல்லை. வாங்கியதற்கு மாமியார் திட்டுவாளோ என்று ஒரு கணம் வாசலிலேயே நின்றாள்.

மாமியார் உருளையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். அடுப்பருகே நிறுத்தி வைத்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோது ஒரு தாளைக் கிழித்து ஒற்றியெடுத்து, குப்பைக் கூடையில் போட்டாள். இன்னும் ஈரம் இருந்தது. மருமகள் இன்னொரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அதுவும் கூடைக்குள் போனது. ஈரம் போன பிறகும் மாமியார் துடைத்துக்கொண்டே இருந்தாள். மருமகளும் கிழித்துக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.