காற்றை எடுக்க வேண்டாம்

அது தன் குரலே இல்லை என்று உதயரூபன் காணி அதிகாரி கூட்டிய கூட்டத்தில் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் கண்ணகைக்குப் பொறுக்க முடியாமல் போனது.

களுவாஞ்சிக்குடிக்கு மேற்கே, வாவிக்கரையில் உதயரூபன் விடுதி கட்டுகிறான். துறைக்குப் போகும் பாதையை முள்ளுக்கம்பியால் மறித்து, இரும்புக் கதவு போட்டுப் பூட்டிவிட்டான். வாவிக்குள் இறங்கிச் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்களுக்கு வேறு வழி கிடையாது. இடுப்புக் கயிற்றில் மிதக்கும் சட்டியோடு கழுத்தளவு தண்ணீரில் நின்று பிள்ளைகளை வளர்த்தவள் கண்ணகை. பாதை போனால் அடுப்பும் போச்சு.

வேலி போடுவதற்கு முன் அவன் துறைக்கு வந்து, பாதையை மூடவே மாட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னான். விளையாட்டுக் கழகப் பொடியன்கள் அதைத் தங்கள் முகநூல் பக்கத்தில் நேரலையாகப் போட்டார்கள். அந்தத் தைரியத்தில்தான் அவள் கூட்டத்தில் போனை நீட்டினாள். வந்ததோ குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுகிற ஒருவனின் குரல். சொல்லோடு சொல் ஒட்டிக் கஞ்சியாய்க் குழைந்து கிடந்தது.

"இது நானில்ல சேர். இப்ப கொம்பியூட்டரில ஆர்ட குரலையும் செய்யலாம்," என்றான் உதயரூபன்.

அன்று துறையில் அவன் பக்கத்திலேயே நின்ற கந்தப்போடியைக் காணி அதிகாரி கேட்டார். கந்தப்போடி இப்போது விடுதியின் காவல்காரர். "எனக்கு ஒண்டும் நினைவில்ல ஐயா," என்றார் அவர். சொல்லி முடித்து இருமினார். வெள்ளிக்கிழமை காலை துறைக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லி அதிகாரி எழுந்துவிட்டார்.

கண்ணகை வீட்டுக்குப் போகவில்லை. நேரே சந்தைப் பக்கம் ஆர்த்திகாவின் கொமினிகேஷன் கடைக்குப் போனாள். ஆர்த்திகா ஹெட்போனை மாட்டிக் கேட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இத ஆர் தந்த அக்கா?"

"மருமகன் அனுப்பினவன்."

விசாரித்தால் கதை நீண்டது. மருமகன் ஒரு போனில் வீடியோவை ஓடவிட்டு இன்னொரு போனால் அதைப் பிடித்திருக்கிறான். அது வாட்ஸ்அப்பில் குழுவுக்குக் குழு தாவியிருக்கிறது. யாரோ எம்பி3 ஆக்கியிருக்கிறார்கள். கடைசியில் ஒரு கடைக்காரன், உதவி என்று நினைத்து, இரைச்சலை எல்லாம் துடைத்து, இருப்பதிலேயே பெரிய தரம் போட்டுக் கொடுத்திருக்கிறான்.

"பைல் பெரிசுதான், உள்ளுக்கு ஒண்டுமில்ல. ஒவ்வொருக்கா மாத்தக்குள்ளயும் கொஞ்சத்த வெட்டி எறியும் அக்கா. போனது, மறுகா எவ்வளவு பெரிசாக்கினாலும் வராது."

"கூடைக்குக் கூடை மாத்த மாத்த றாலுக்கு மீசையும் காலும் கழலுமே, அப்பிடியா?"

"அதேதான். இது வெறும் கோது."

"அப்ப வாவிக்குள்ள உயிரோட கிடக்கிறத எடு பிள்ள."

ஆர்த்திகா கழகத்தின் பக்கத்தைத் திறந்தாள். வீடியோ இன்னும் இருந்தது. "நாளைக்கு இருக்குமோ தெரியா. கழகத்துக்கு விளையாட்டுச் சட்டை எடுத்துக் குடுத்தவர் உதயரூபன்தானே," என்று சொல்லிக்கொண்டே நல்ல தரத்தில் இறக்கினாள். படத்தில் இருந்து சத்தத்தை மட்டும், ஒன்றும் மாற்றாமல், அப்படியே பிரித்தாள்.

கண்ணகை அங்கிருந்தே, ஆர்த்திகாவுக்கும் கேட்கும்படி, பாறூக்குக்குப் போன் எடுத்தாள். காத்தான்குடியில் இருந்து ஆட்டோவில் சாரமும் படுக்கை விரிப்பும் கொண்டுவந்து ஊர் ஊராய்க் கூவி விற்பவர் அவர். ஆட்டோவின் கூரையில் புனல் ஸ்பீக்கர். அண்ணன் முறைக்கு எல்லோருக்கும் அவர் காக்கா.

"காக்கா, வெள்ளிக்கிழம உங்கட ஸ்பீக்கர் வேணும்."

"என்னத்துக்கு? கலியாணமா?"

"உதயரூபன்ட வாய்க்கு."

"அவன்ட ஆக்கள் மறுகா என்ன ஊருக்குள்ள விடமாட்டாங்க தங்கச்சி."

"விடாட்டி நாங்க காத்தான்குடிக்கு வந்து வாங்குறம்."

பாறூக் சிரித்தார். "சரி, வாறன். ஜும்ஆத் தொழுகைக்கு முந்தி என்ன விட்டுரணும். மற்றது, என்ட பெட்டி எம்பி3 மட்டும்தான் பாடும். வேற எதக் குடுத்தாலும் ஊமை."

"அப்ப ஒருக்கா மாத்தத்தான் வேணும்," என்றாள் ஆர்த்திகா. "இந்த மூலத்தில இருந்து நேரா, ஒரே ஒருக்கா. மூலத்த இன்னொரு பென் டிரைவில தாறன். ஒருத்தருக்கும் வாட்ஸ்அப்பில அனுப்பிராதீங்க." அவளுடைய கை மவுசின் மேல் நின்றது. "காத்து இரையுது. எடுத்துவிடட்டா?"

கண்ணகை ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தாள். காற்று. தோணி இயந்திரம். பெண்களின் குசுகுசுப்பு. அதற்குள் அவளுடைய குரலும். பின்னால் யாரோ இருமினார்கள். அவள் இன்னொரு தடவை போடச் சொன்னாள்.

"எடுக்காத."

"அவர்ட பேச்சு இன்னும் பளிச்செண்டு வரும் அக்கா."

"அண்டைக்குக் காத்து அடிச்சது. கிடக்கட்டும். துடைச்சுத் துடைச்சுத்தான் அங்க நிண்ட எங்களையும் துடைச்சுப் போட்டாங்க."

வியாழக்கிழமை கழகத்தின் பக்கத்தில் அந்த வீடியோ இல்லை.

வெள்ளிக்கிழமை காலை அதிகாரி வந்தார். உதயரூபன் வெள்ளைச் சட்டையோடு நின்றான். கதவடியில் கந்தப்போடி, கையில் பூட்டின் திறப்பு. வேலிக்கு வெளியே சட்டிகளோடு பெண்கள். 'ரெண்டு விரிப்பு எடுத்தா தலகணி உறை சும்மா' என்று கூவிக்கொண்டே பாறூக்கின் ஆட்டோ வந்து நின்றது.

"இஞ்ச சாரம் விக்க ஆர் விட்ட?" என்றான் உதயரூபன்.

"என்ட சாமான் இல்ல தம்பி. இண்டைக்கு உங்கட சாமானத்தான் கூவப் போறன்."

பென்னைச் செருகினார். முதலில் காற்று இரைந்தது. பிறகு குரல், அக்கரைக்கே கேட்கும்படி: "பாதைய மூட எனக்கென்ன பைத்தியமா? வேலி போட்டாலும் உங்கட பாதை உங்களுக்குத்தான். விளங்குதா?"

"செய்தது சேர், கொம்பியூட்டரில செய்தது."

ஸ்பீக்கர் நிற்கவில்லை. "எழுதித் தருவீங்களா தம்பி?" என்று கேட்டது கண்ணகையின் குரல். பெண்கள் சிரித்தார்கள். அதற்குப் பின்னால் ஒரு இருமல், கட்டையாய்த் தொடங்கி, இழுத்து, தொண்டையைச் செருமி முடிகிற இருமல். அதோடு ஒட்டிக்கொண்டு, "தம்பி சொன்னாச் சொன்னதுதான் கா. நான் சாட்சி."

எல்லோரும் கதவடியைப் பார்த்தார்கள். கந்தப்போடி அடக்கித்தான் பார்த்தார். முடியவில்லை. கட்டையாய்த் தொடங்கி, இழுத்து, செருமி முடித்தார்.

"கொம்பியூட்டருக்கும் சளி பிடிச்சிருக்கு போல," என்றாள் சட்டியோடு நின்ற பிரஷாந்தி. கூட்டத்தில் வராத சிரிப்பு இப்போது வந்தது.

"இது நீங்கதானா?" என்று அதிகாரி கேட்டார்.

கந்தப்போடி உதயரூபனைப் பார்த்தார். கையில் இருந்த திறப்பைப் பார்த்தார். "என்ட நெஞ்சுதான் ஐயா. வேற ஆருக்குக் கிடக்கு இந்தச் சனியன்."

அதிகாரி மூலத்தைக் கேட்டார். கண்ணகை முந்தானை முடிச்சை அவிழ்த்து மற்றப் பென்னைக் கொடுத்தாள். "துடைக்காதது சேர். இதப்போல இன்னொண்டு ஆர்த்திகாட்டயும் கிடக்கு."

விசாரித்து எழுத்தில் அறிவிப்பதாக அதிகாரி சொன்னார்.

"நீங்க எழுதுங்க. றால் அதுவரைக்கும் நிக்காது," என்று சொல்லி, கண்ணகை சட்டியை இடுப்பில் வைத்துக் கதவை நோக்கி நடந்தாள். கந்தப்போடி அதைத் திறக்கவில்லை. பூட்டில் திறப்பைச் செருகி, அப்படியே விட்டுவிட்டுத் தள்ளி நின்றார். இனி அவருக்கு வேலை இருக்காது. அது அவருக்கும் தெரியும்.

"கதவில கை வெச்சாப் பொலிசுக்குச் சொல்லுவன்," என்றான் உதயரூபன்.

"சொல்லு. அவங்களுக்கும் போட்டுக் காட்டுவம்." அவள் திறப்பைத் திருகினாள். "காக்கா, இன்னொருக்காப் போடுங்க. சத்தத்தக் கூட்டி."

பெண்கள் அவளுக்குப் பின்னால் நுழைந்தார்கள். தண்ணீர் கழுத்துக்கு வந்தபோது கண்ணகை சேற்றில் கையை விட்டாள். தலைக்கு மேலே காற்று இரைந்தது, அன்றைய காற்றும் இன்றைய காற்றும். பாதையை மூடத் தனக்கென்ன பைத்தியமா என்று உதயரூபன் ஸ்பீக்கருக்குள் இருந்து வாவி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.