மாதத்தின் முதல் சனிக்கிழமை

குழாயில் காற்றுதான் வந்தது. வீடு நிறைய ஆட்கள். கொழுந்தனார் கட்டிலுக்கடியில் குனிந்து தண்ணீர் கேனை வெளியே இழுத்துவிட்டு, கை வைக்கத் தயங்கி நின்றார்.

"அண்ணி, இதைத் திறக்கலாமா? அண்ணன் திட்..."

முடிக்கவில்லை. அவள் தலையசைத்தாள். நிரப்பிய தேதியும் மாற்ற வேண்டிய தேதியும் கணவரின் கையெழுத்தில் கேன்மேல் ஒட்டியிருந்தன. அவரைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டு எல்லோரும் இப்போதுதான் திரும்பியிருந்தார்கள்.

அலுவலகச் சுவர்களில் தொங்கும் தீயணைப்பு சிலிண்டர்களைச் சோதிப்பது அவர் வேலை. உலகம் நாளைக்கே முடிந்துவிடும் என்று மூட்டை மூட்டையாக அரிசி பதுக்குகிற பைத்தியமில்லை. மூன்று நாள் தண்ணீர், டார்ச், மாத்திரை, பத்திரங்களின் நகல், வாசலருகே ஒரு பை. அவ்வளவுதான். ஆனால் மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் மனிதர் படுத்தி எடுத்துவிடுவார். பத்து மணிக்கு, முதலில் வெளியூரிலிருக்கும் மகளுக்கு ஃபோன். ஆபத்தென்றால் முதல் தகவல் அவளுக்குத்தானாம். அடுத்து, வீட்டின் ஏதாவது மூலையிலிருந்து விசில். இரண்டு நிமிடத்துக்குள் பையோடு அவர்முன் போய் நிற்க வேண்டும். தாமதமானால் நாள் முழுக்க முணுமுணுப்பு. தெருவில் அவருக்குப் பெயரே 'ஒத்திகை'தான்.

நேற்று முதல் சனிக்கிழமை. மாடியிலிருந்து விசில் கேட்டபோது அவள் தையல் மெஷினில் இருந்தாள். பத்து மணிக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. முன்கூட்டியே அடித்து ஏமாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தாள். அலுப்பாக வந்தது.

"இந்த ஓரத்தை முடிச்சிட்டு வர்றேன்," என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

விசில் இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாகக் கேட்டது. ஓரத்தை முடித்து, பித்தானும் வைத்து, மறக்காமல் பையையும் எடுத்துக்கொண்டு போனாள். அவர் தண்ணீர்த் தொட்டியருகே சரிந்து கிடந்தார். பைக்குள் மாத்திரை இருந்தது. அவர் வாயைத்தான் திறக்க முடியவில்லை.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் சொல்லிவிட வேண்டும், சொன்னால்தான் மூச்சு விட முடியும் என்றிருந்தது. கூட்டம் கலைந்ததும் மகளைத் தையல் அறைக்குக் கூட்டிப் போனாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி."

"நான் முதல்ல சொல்லிடறேம்மா." மகள் கையிலிருந்த ஃபோனைக் காட்டினாள். "நேத்து அப்பா ஃபோன் பண்ணாரு. ஒன்பது முப்பத்தெட்டுக்கு. ஒத்திகைன்னு நெனச்சு கட் பண்ணிட்டேன். மறுபடியும் பண்ணாரு. அதையும் கட் பண்ணேன்."

அவள் மெஷின்மேல் கிடந்த துணியைக் கையிலெடுத்தாள்.

"அப்பவே வலிச்சிருக்கும், இல்ல? பழக்கதோஷத்துல எனக்கு அடிச்சிருக்காரு. எடுத்திருந்தா உனக்குச் சொல்லியிருப்பேன். நீ மாடிக்கு ஓடியிருப்பே."

விசிலைப் பற்றிச் சொன்னால் தன் பாரம் குறையும். ஆனால் அந்த ஃபோனும் ஒத்திகையல்ல, நிஜம் என்றாகிவிடும்; பெண் ஆயுசுக்கும் அதைச் சுமப்பாள்.

"அது ஒத்திகைதான்டி," என்றாள். "எனக்குத் துணி கொடுக்கப் போகணும், சீக்கிரம் முடிங்கன்னு நான்தான் சொன்னேன். அதான் முன்னாடியே பண்ணாரு."

"விசில்?"

"அடிச்சாரு."

"நீ போனியா?"

"போகாம? ரெண்டு நிமிஷத்துக்குள்ள போய் நின்னேன். அப்புறம் கீழ வந்து டீ குடிச்சாரு. நல்லாத்தான் இருந்தாரு. அதுக்கப்புறம் மாடிக்குப் போனவருதான்."

மகள் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு உடைந்து அழுது, அழுது ஓய்ந்து, அவள் மடியில் தலை வைத்துப் படுத்தாள்.

"நீ என்னமோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்ல. காலையிலேர்ந்து நீ ஒண்ணும் சாப்பிடலையேன்னு."

மகள் தூங்கிவிட்டிருந்தாள். கொழுந்தனார் எதையோ கேட்கக் கதவருகே வந்தார். அவள் உதட்டில் விரல் வைத்துக் காட்டினாள். கால் மரத்துப்போயிற்று. அவள் அதை நகர்த்தவில்லை.