வெங்கடம்மாள் வகையறா

தொண்டாமுத்தூர்க் குலதெய்வக் கோயிலுக்குத் தொண்ணூற்றேழில் கும்பாபிஷேகம் வந்தது. வம்சாவளியைக் கருங்கல்லில் வெட்டி வாசலில் நடப் பங்காளிகள் முடிவு செய்தார்கள். சரவணனின் கிளையை மட்டும் அதில் சேர்க்க முடியாது என்று பெரியவர் திருமூர்த்தி சொல்லி அனுப்பினார்.

காரணம் வெங்கடம்மாள். சரவணனின் பூட்டன் செங்கோட்டையக் கவுண்டருக்கு முதல் மனைவி முத்தாத்தாள். திருமூர்த்தி அவள் வழி வந்தவர். பிறகு வந்தவள் தெலுங்கு பேசும் வீட்டுப் பெண்ணான வெங்கடம்மாள். அவள் வழி வந்தவன் சரவணன். கவுண்டர் அவளுக்குத் தாலி கட்டினாரா, சும்மா சேர்த்துக்கொண்டாரா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

"உட்டுரு ராசாத்தா. டவுன்ல, கணபதிப் பக்கம் நமக்குன்னு லேத்துப் பட்டறை இருக்குது. கல்லுல பேரு இருந்து என்ன ஆகப்போகுது?" என்றான் சரவணன்.

அவன் மனைவி ராசாத்தாள் கேட்கவில்லை. "நாளைக்கு நம்ம பையனுக்குப் பொண்ணு கேட்டுப் போனா, வெச்சிருந்தவ வம்சம்னு சொல்லுவாங்க. அதையும் உட்டுரலாமுங்களா?"

பரணில் கிடந்த பழைய பத்திரங்களை இறக்கினாள். பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அலைந்து நகல்கள் வாங்கினாள். கவுண்டர் நிலம் விற்ற பத்திரம் ஒன்றில், 'செங்கோட்டையக் கவுண்டர் பெண்சாதி வெங்கடம்மாள்' என்றிருந்தது. பின்னால் எழுதிய இன்னொன்றில் 'என் ஆதரவில் இருந்துவரும் வெங்கடம்மாள்' என்றிருந்தது. இரண்டிலும் அதே கவுண்டரின் கைநாட்டு. ராசாத்தாளுக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. பிறகு ஏதோ தோன்றி, முத்தாத்தாளின் கல்யாணத்துக்கு என்ன சான்று இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.

பங்காளிகள் கோயில் மண்டபத்தில் கூடியபோது, ஆண்கள் நடுவே போய் நின்றாள்.

"கல்யாணத்துக்குச் சாட்சி கெடச்சுதா அம்மணி?" என்றார் திருமூர்த்தி.

"கெடைக்கலீங்க மாமா."

யாரோ சிரித்தார்கள்.

"ஒரு பத்திரத்துல பெண்சாதின்னு இருக்குது, இன்னொண்ணுல இல்ல. நான் எதையும் மறைக்கலீங்க. ஆனா முத்தாத்தா கல்யாணத்துக்கும் தேடிப் பாத்தேன். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லீங்க. அவங்களுக்கு மட்டும் ஏனுங்க யாரும் சாட்சி கேக்கல?"

"அது ஊரறிஞ்ச கல்யாணம்!" என்றார் திருமூர்த்தி.

"பாத்தவங்க யாராச்சும் இருந்தாச் சொல்லுங்க." ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "கவுண்டரு படுத்த படுக்கையாக் கெடந்தப்போ பீ மூத்தரம் அள்ளுனது வெங்கடம்மான்னு நீங்களே சொல்லியிருக்கறீங்க. அன்னிக்கு அவங்க கழுத்துல தாலி இருக்குதான்னு யாரும் பாக்கலீங்க."

திருமூர்த்தி தொண்டையைச் செருமினார். "செரி, பேரை மட்டும் வெட்டலாம். மனைவின்னு போட முடியாது."

"ரெண்டு பேருக்கும் ஒரே வார்த்தையப் போடுங்க. இல்லீன்னா எங்க பேரே வேண்டாமுங்க."

அவர்கள் பெயர் இல்லாமலே கல் நடப்பட்டது.

கும்பாபிஷேகத்தன்று கிளைக்கு ஓர் அடுப்பாக வரிசையில் பொங்கல் வைத்தார்கள். சரவணன் வீட்டுக்கு இடம் விடவில்லை. ராசாத்தாள் செங்கல் கொண்டுவந்து, வரிசையின் நடுவிலேயே அடுப்புக் கூட்டினாள். பக்கத்து அடுப்புப் பெண்கள் பேசாமல் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

பானை கொதிக்கத் தொடங்கியபோது திருமூர்த்தி வேகமாக வந்தார். "யாரைக் கேட்டு இங்க வெச்சே?"

"சாமியத் தவுத்து யாரையும் கேக்கலீங்க மாமா," என்று குனிந்து தீயை ஊதினாள். பானை பொங்கி வழிந்தது. சாமிக்குப் பொங்கும் பானையை எல்லோர் கண்முன்னே இறக்கிவைக்க அவர் கை நீளவில்லை.

பூசாரி தட்டோடு வந்து, "எந்த வகையறாவுங்க?" என்றார்.

ராசாத்தாள் நிமிர்வதற்குள் பின்னாலிருந்து சரவணனின் குரல் வந்தது. அவன் அவ்வளவு உரக்கப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"செங்கோட்டையக் கவுண்டர் மனைவி வெங்கடம்மாள் வகையறாவுங்க!"

பூசாரி அதை அப்படியே சாமியிடம் சொன்னார்.