பின்வரிசைத் தலையசைப்பு

உச்ச நீதிமன்றத்துக்கு ஆள் தேடுகிறவர்கள், ஒருவர் என்னவெல்லாம் எழுதியிருக்கிறார் என்று பார்ப்பதாகத்தான் வெளியில் பேச்சு. உண்மையில் என்னவெல்லாம் எழுதாமல் தப்பித்திருக்கிறார் என்றுதான் பார்க்கிறார்கள். அந்த முறை காலியான ஒரே நாற்காலிக்கு மூன்று பேரின் பெயர் அடிபட்டது. முதல் ஆள் ஒரு புத்தகம் எழுதித் தொலைத்திருந்தார்; அத்தோடு அவர் கதை முடிந்தது. இரண்டாவது ஆளின் மச்சினன் அரசாங்கக் கட்டடங்களுக்கு கான்ட்ராக்டர் என்று தெரிந்ததும் அவரும் ஓரங்கட்டப்பட்டார். மிஞ்சியது அக்கா.

அக்கா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி. ஆளுங்கட்சிக்கும் வலிக்காமல், எதிர்க்கட்சிக்கும் கசக்காமல், பட்டும் படாமலும் தீர்ப்பு எழுதிப் பேர் வாங்கியவள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியவர்களுக்கு ஒரே ஒரு தீர்ப்புதான் உறுத்தலாக அகப்பட்டது. ஒரு சரக்குக் கிடங்கில் வேலை பார்த்த பெண், தான் கர்ப்பமாக இருப்பதை மறைத்தாள் என்று வேலையை விட்டுத் தூக்கியிருந்தார்கள். மூன்று நீதிபதிகளில் இரண்டு பேர் தூக்கியது சரி என்றார்கள். அக்கா மட்டும் மாறுபட்டு எழுதினாள். அதில் ஒரு வாக்கியம்: ‘சொன்னால் வேலை போய்விடும் என்று பயமுறுத்தி வைத்தவர்களே அந்தப் பொய்க்குச் சொந்தக்காரர்கள்.’

பத்திரிகைகள் அந்த வாக்கியத்தை அக்காவின் பேனாவுக்கு வரவு வைத்தன. அது தங்கையின் வாயிலிருந்து வந்தது என்று அக்கா, தங்கை இரண்டு பேருக்குத்தான் தெரியும். தங்கை நர்ஸ். கல்யாணமான புதிதில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தால் ஒப்பந்த நர்ஸ்களை நிறுத்திவிடுவார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. கனத்த நோயாளிகளைத் தூக்கிப் புரட்டிக்கொண்டே நாளைத் தள்ளினாள். பிள்ளை தங்கவில்லை. படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ‘ஏண்டி மறைச்சே?’ என்று கேட்ட அக்காவிடம் அவள் அழாமல் சொன்னதுதான் அது. அதன் பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. தீர்ப்பில் அந்த வாக்கியத்தைப் படித்த அன்றைக்குத்தான் நன்றாக அழுதாள். தன் பிள்ளைக்கு என்று உலகத்தில் இருப்பது அந்த ஒரு வரிதான் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்காவைத் தயார் செய்ய ஜனாதிபதி மாளிகையிலிருந்து ஓர் ஆளை அனுப்பினார்கள். நியமனத்துக்கு ஓட்டுப் போட வேண்டிய மேல்சபைக் குழுவின் விசாரணையில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும், முக்கியமாக என்ன சொல்லக் கூடாது என்று பழக்குவதே அவர் பிழைப்பு. வீட்டில் அவருக்கு ஒத்திகைக்காரர் என்று பெயர் விழுந்தது. அவர் கையில் எல்லாப் பூட்டுக்கும் பொருந்துகிற ஒரு சாவி இருந்தது: ‘அது என் முன்னால் வரக்கூடிய விஷயம். இப்போது கருத்துச் சொல்வது முறையாகாது.’

அக்கா அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி உருப்போட்டாள். வீட்டில் அது ஒரு விளையாட்டாகவே போய்விட்டது. தங்கை சமையலறையிலிருந்து, “ராத்திரிக்கு என்னக்கா பண்ணட்டும்?” என்று கேட்பாள். “அது என் முன்னாடி வரக்கூடிய விஷயம். இப்ப கருத்து சொல்றது முறையில்ல” என்பாள் அக்கா. அத்தான் வயிறு குலுங்கச் சிரிப்பார்.

அக்காவோடு முடிந்தால் பரவாயில்லை. குடும்பத்துக்கும் பாடம் நடந்தது. விசாரணையின்போது குடும்பம் நேர் பின்வரிசையில் உட்கார வேண்டும் என்பது வழக்கம்.

“டிவில பாதி அவங்க முகம், பாதி உங்க முகம்” என்றார் ஒத்திகைக்காரர். “கையைக் கட்டாதீங்க. கொட்டாவி வந்தா பல்லைக் கடிச்சுக்கோங்க. அவங்க பதிலை முடிச்சதும் பேனாவைக் கீழ வைப்பாங்க. வச்சதும் லேசா ஒரு தலையாட்டல். பெருசா ஆட்டினா ஜால்ரான்னுவாங்க. ஆட்டாம இருந்தா வீட்ல சண்டைன்னு எழுதிடுவாங்க.”

அத்தான் ஆட்டிப் பார்த்தார். தூங்கி விழுகிற மாதிரி இருந்தது. அவருக்கு விலக்கு கொடுத்துவிட்டு, அந்தப் பொறுப்பைத் தங்கையின் கழுத்தில் கட்டினார்கள். ஒத்திகைக்காரர் கேட்பார், அக்கா சொல்வாள், பேனா கீழே வரும், தங்கையின் தலை ஆடும். கொஞ்ச நாளில் யார் எங்கே பேனாவை வைத்தாலும் அவள் தலை அசைந்தது. வார்டில் டாக்டர் மருந்துச் சீட்டு எழுதி முடித்தபோதுகூட ஆடியதாகச் சொல்லிச் சிரித்தாள்.

ஒருநாள் தனியாக இருந்தபோது அக்காவிடம் கேட்டாள். “அந்தத் தீர்ப்பைப் பத்திக் கேப்பாங்களாக்கா?”

“கேக்காம விடுவாங்களா? நான் பாத்துக்கறேன், விடு.”

அந்தக் கேள்விக்கான ஒத்திகையை மட்டும் அக்காவும் ஒத்திகைக்காரரும் கதவைச் சாத்திக்கொண்டு நடத்தினார்கள். தங்கை அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் அக்கா சீறப்போகிறாள், அது முன்கூட்டியே வெளியில் கசியக் கூடாது என்று பார்க்கிறார்கள் போல என்று தானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டாள். கூடப் பிறந்தவள்மேல் இருக்கிற நம்பிக்கைக்குக் கண்ணும் கிடையாது, காதும் கிடையாது.

நம்பியதோடு நிற்கவில்லை, வார்டிலும் போய்ச் சொன்னாள். அங்கே உருண்டையாக, ஓடி ஓடி வேலை செய்கிற ஒரு நர்ஸ் இருந்தாள். எல்லோரும் பட்டாணி என்பார்கள். இந்த ஆஸ்பத்திரியிலும் ஒப்பந்தம் அதேதான். பட்டாணிக்கு மூன்றாம் மாதம். தங்கைக்கு மட்டும்தான் தெரியும். கனமான வேலையெல்லாம் சத்தமில்லாமல் தங்கையே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“நாளைக்கு டிவி பாரு” என்றாள் தங்கை. “எங்கக்கா அந்த வாக்கியத்தை நாடே கேக்கற மாதிரி சொல்லப்போறா. உச்ச நீதிமன்றத்துக்குப் போறவங்களே சொன்னப்புறம் மேட்ரன் உன்மேல கை வைக்க யோசிப்பாங்க. அதுக்கப்புறம் தைரியமா சொல்லிக்கலாம்.”

“நிஜமாவா சிஸ்டர்?” என்று கேட்ட பட்டாணியின் கண் கலங்கிவிட்டது.

விசாரணை மண்டபத்தில் ஜன்னலே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் எல்லோரும் லேசாகக் காய்ச்சல் கண்டவர்கள்போல இருந்தார்கள். குழுவில் இரண்டு பக்கமும் சரிசமம். நடுவில் ஒருவர் மட்டும் எந்தப் பக்கம் சாய்வார் என்று அவருக்கே தெரியாது. கேள்வி கேட்பதற்கு முன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதனால் ஒத்திகைக்காரர் அவருக்கு வைத்த பெயர் கண்ணாடிக்காரர்.

காலை முழுக்க சாவி வேலை செய்தது. வரி, நிலம், தேர்தல் என்று எதைத் தொட்டாலும் அது அக்காவின் முன்னால் வரக்கூடிய விஷயமாக இருந்தது. பேனா கீழே வந்தது, தங்கையின் தலை ஆடியது. அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று கொட்டாவிகளை விழுங்கினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணாடிக்காரரின் முறை. துடைத்தார். மாட்டிக்கொண்டார். அந்த வாக்கியத்தை வானிலை அறிக்கைபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். தங்கைக்கு உடம்பு சிலிர்த்தது. யார் வாசித்தால் என்ன, நாடு கேட்கிறது. அவள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

“இதுல இன்னிக்கும் உறுதியா இருக்கீங்களா?” என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

“அந்த வாக்கியம் அந்த வழக்கோட உருக்கத்துல எழுதினதுங்க” என்றாள் அக்கா. குரலில் ஒரு பிசிறு இல்லை. “அது சட்டம் பேசற பேச்சு இல்ல. இன்னிக்கு எழுதினா அதை எழுத மாட்டேன். அப்படி எழுதினது தப்பு. சொல்ல வேண்டிய தகவலை மறைச்சா, மறைச்சவங்கதான் அதுக்குப் பொறுப்பு.”

பேனாவைக் கீழே வைத்தாள்.

தங்கையின் தலை ஆடியது. லேசாக, அளவாக, சொல்லிக் கொடுத்தபடியே. ஆடி நின்ற பிறகுதான் காதில் விழுந்தது மனசுக்குள் போயிற்று. கண்ணாடிக்காரர் அக்காவின் தோளுக்கு மேலாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “வேற கேள்வி இல்லை” என்று ஃபைலை மூடினார். கேமரா இன்னும் தன்மேல் இருக்கிறது என்று தெரிந்ததால் தங்கை அழவும் இல்லை, எழவும் இல்லை. அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்ததுபோல இனி யாரும் உட்கார வேண்டாம்.

வெளியே வந்ததும் ஒத்திகைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. “கலக்கிட்டீங்கம்மா. ஒரு நர்ஸே ஆமாம்னு ஒத்துக்கறாங்கன்னு அவருக்கு மனசு சாஞ்சிடுச்சு. நான்கூட இதை எதிர்பார்க்கல” என்று தங்கையைப் பார்த்துக் கும்பிட்டார்.

காரில் அத்தான் முன்னால் ஏறிக்கொண்டார். அக்காவும் தங்கையும் பின்சீட்டில்.

“கோபமா?” என்றாள் அக்கா.

“அது நான் சொன்னதுக்கா. நீ எடுத்துக்கிட்டே, சந்தோஷப்பட்டேன். வேணாம்னா நீ எழுதலைன்னு சொல்லியிருக்கலாம். தப்புன்னு சொல்ல உனக்கு என்ன உரிமை இருக்கு?”

“அங்க போய் உக்காந்தாத்தானே நாளைக்கு அதையே சட்டமா எழுத முடியும்? இது ஒரு படி. தாண்டித்தான் போகணும்.”

“எழுதுவியா?”

“அது என் முன்னாடி வரக்கூடிய...” என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டாள். கேலிக்குச் சொல்லவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. முன்சீட்டில் அத்தான் சிரிக்கவில்லை.

தங்கை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிக்கொண்டாள். சாயங்கால ஷிப்ட். உடை மாற்றும் அறையில் பட்டாணி தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். சீப்பு, துண்டு, ஒரு ஜோடி செருப்பு.

“டிவி பாத்தேன் சிஸ்டர்” என்றாள், முகத்தைத் திருப்பாமல். “மறைச்சா நம்மளோட தப்புன்னு உங்கக்கா சொன்னாங்க. நீங்களும் ஆமாம்னு தலையாட்டினீங்க. உங்களுக்கே அப்படித் தோணுதுன்னா நான் மறைக்கறது சரியில்லன்னு, போய் மேட்ரன்கிட்ட சொல்லிட்டேன்.”

தங்கை அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டாள். “என்ன சொன்னாங்க?”

“திட்டல. உண்மையைச் சொன்னதுக்கு நன்றின்னாங்க. நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிட்டாங்க.”

“அது நான் ஆட்டல பட்டாணி. பேனாவைக் கீழ வச்சா ஆட்டணும்னு பழக்கி வச்சிருந்தாங்க.”

பட்டாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. “பாக்க ஆமாம்னுதான் இருந்துச்சு சிஸ்டர்” என்றாள், குற்றம் சொல்லாமல். அப்படிச் சொன்னதுதான் தங்கைக்குத் தாங்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். தான் இழந்ததற்காகக்கூட அவள் தன்மேல் இவ்வளவு கோபப்பட்டதில்லை.

அப்போது போன் அடித்தது. பின்னால் வீடு முழுக்க ஆள் சத்தம்.

“ஆயிடுச்சுடி” என்றாள் அக்கா. “ஒரே ஒரு ஓட்டு வித்தியாசம். கண்ணாடிக்காரர் போட்டுட்டார். உன்னாலதான். பதவியேற்புலயும் உனக்கு அதே நாற்காலிதான், இப்பவே சொல்லிட்டேன்.”

“நான் வரலக்கா. அந்த நாற்காலில பட்டாணியை உக்கார வை. அவளுக்கு நாளையிலேருந்து வேலை இல்ல, வந்துடுவா.”

“பட்டாணியா? யாரு அது?”

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். பட்டாணி துண்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

“உன் முன்னாடி வரக்கூடிய விஷயம்க்கா” என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து கருத்து எதுவும் வரவில்லை.