வேலிக்கு மேல் நீட்டிய மாத்திரை

டெசாங்காவுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஆஸ்பத்திரியின் சிறுநீரியல் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக நர்ஸ் அவள். புராஸ்டேட்டில் கட்டியா என்று பார்க்க, மலக்குடல் வழியே ஊசி விட்டுச் சதை எடுப்பார்கள். தொற்று வராமலிருக்க அதற்கு முன் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை. அந்த மாத்திரைக்கு ஒவ்வொரு நோயாளியின் குடல் கிருமியும் சாகுமா என்று முதலில் சோதியுங்கள் என்று தொண்டை வறளச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் லாஸிச் காதில் போட்டுக்கொண்டால்தானே!

"சோதனை முடிவுக்கு மூணு நாள் எவன் காத்திருப்பான்? எல்லாருக்கும் அதையே குடு" என்பார்.

இப்போது அவளுடைய பக்கத்து வீட்டு ராதிசாவ், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சதை எடுத்த மறுநாளே நாற்பது டிகிரி செல்சியஸ் காய்ச்சலில் கட்டில் ஆட நடுங்கினார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. டாக்டர் அதே மருந்தை நரம்பில் ஏற்றச் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

நடைபாதையில் நின்ற ராதிசாவின் மனைவியை டெசாங்கா மடக்கினாள்.

"ஸாகோர்க்கா அக்கா, உண்மையச் சொல்லுங்க. சமீபத்துல இவர் ஆன்டிபயாடிக் சாப்பிட்டாரா? நான் கேட்டப்ப, குதிரை மாதிரி இருக்கேன், எனக்கெதுக்கு மாத்திரைன்னாரே!"

"சீக்குன்னு ஒண்ணும் சாப்பிடலம்மா. ஊசி குத்துறப்ப ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னு நான்தான் ஒரு வாரம் முன்னாடியே தினம் ஒண்ணு குடுத்தேன்."

கைப்பையிலிருந்து காலி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள். அதே மாத்திரை. அரைகுறையாகத் தின்ற அந்த ஒரு வாரத்தில், அதற்கு அடங்காத கிருமிகள் மட்டும் குடலில் மிஞ்சிப் பெருகியிருக்கும்.

"மூளை இருக்கா உங்களுக்கு? ஆளையே கொல்லப் பாத்தீங்களே! சீட்டு இல்லாம எந்தக் கடைக்காரன் குடுத்தான்? பேரைச் சொல்லுங்க, அவன் கடைய இழுத்து மூடுறேன்!"

"எதுக்குடி கத்துறே? கடையாவது ஒண்ணாவது! குளிர்காலத்துல எனக்கு ஒண்ணுக்குப் போனா எரியுதுன்னப்ப, நீதானே ஆஸ்பத்திரிலேருந்து கொண்டாந்து வேலிக்கு மேல நீட்டுனே? ரெண்டே நாள்ல நின்னுருச்சு. மிச்சத்த யாராவது தூக்கிப் போடுவாங்களா?"

அந்தத் தெருவில் யாருக்குச் சளி, யாருக்குப் பல்வலி என்றாலும் டெசாங்காவின் கைதான் நீளும். பதிலுக்கு முட்டை வரும், மிளகாய்த் தொக்கு வரும். அவளை விட்டால் உண்டா என்பார்கள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. திட்ட வேறு யாராவது கிடைக்க மாட்டார்களா என்று அவமானத்தில் ஆத்திரம் வந்தது.

சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் ராதிசாவ் போய்விடுவார். டாக்டர் அறைக் கதவைத் தட்டாமலே திறந்து உள்ளே போனாள்.

"மருந்த மாத்துங்க டாக்டர். அது ராதிசாவுக்குக் கேக்காது. ஒரு வாரமா அதையேதான் தின்னிருக்கார்."

"அடப்பாவி! எவன் குடுத்தான் அத?"

"நான். இங்கேருந்துதான் எடுத்துட்டுப் போனேன். என்னைப் பத்தி அப்புறமா எழுதிக்கோங்க, இப்ப எந்திரிங்க!"