உளறல் அல்ல, குளறல்

நாக்கில் புற்றுநோய் வந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்த பிறகு பாஸ்கரனுக்குப் பேச்சு தெளிவாக வருவதில்லை. ஆவடி தொழிற்சாலையிலிருந்து ஓய்வுபெற்று, பாரிவாக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் மனைவி ரேணுகாவோடு இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, குடியிருப்போர் கூட்டத்தில் அவர் எழுந்து, கீழ்த்தொட்டித் தண்ணீரில் சாக்கடை கலக்கிறது என்றார். சொல்லி முடிப்பதற்குள் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. பின்னால் யாரோ சிரித்தார்கள். செயலாளர் பிரசன்னா, "ஓகே சார், உட்காருங்க" என்று அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டான். மாலையில் வாட்ஸ்அப் குழுவில் கூட்டக் குறிப்பு வந்தது: "பாஸ்கரன் சார் ஏதோ உளறினார். விவாதிக்க ஒன்றுமில்லை."

படித்ததும் ரேணுகா எழுந்துவிட்டாள். விட்டுவிடு என்று பாஸ்கரன் கையசைத்தார்.

"எதுக்கு விடணும்?" செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

கீழே பிரசன்னா ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தான்.

"உளறினார்னு எழுதியிருக்கீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"தெளிவாப் பேசலைன்னு அர்த்தம் ஆன்ட்டி."

"அதுக்குப் பேரு குளறுறது. நாக்கு குளறும். உளறுறதுன்னா புத்தி தடுமாறிப் பேசறது. டாக்டர் வெட்டினது நாக்கை, மூளையை இல்ல!"

"ஒரு வார்த்தைக்குப் போய்..."

"அந்த ஒரு வார்த்தையாலதான் அவர் என்ன சொன்னார்னு ஒருத்தரும் கேக்கல. குளறுபடிங்கறோமே, அது எங்கேருந்து வந்துச்சு? குளறுறதுலேர்ந்துதான். பேச்சு புரியாமப் போனா காரியமும் கெடும்னுதான் அந்தப் பேரு. ஆனா இங்க கெடுத்தது பேசினவர் இல்ல. காது கொடுக்காத நீங்க!"

மோட்டார் பார்க்க வந்திருந்த பிளம்பர் தினேஷைக் கூப்பிட்டுத் தொட்டியைத் திறக்கச் சொன்னாள். மூடியை நகர்த்தியதும் அவன் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"ஐயே, இன்னா நாத்தம்! இத்தயா குடிச்சிகினு கீறீங்க?"

சாக்கடைக் குழாய் விரிசல் விட்டு, தொட்டிச் சுவர் வழியே கசிந்துகொண்டிருந்தது. குடியிருப்புக் குழந்தைகள் சிலர் ஒரு வாரமாக வாந்தியோடு கிடந்ததற்குக் காரணம் அப்போதுதான் பிடிபட்டது.

மறுநாளே குழாயை மாற்றினார்கள். குறிப்பிலிருந்து அந்த வரி சத்தமில்லாமல் காணாமல் போயிற்று. மன்னிப்பு மட்டும் வரவில்லை. லிஃப்டில் பாஸ்கரனைக் கண்டால் பிரசன்னா கைபேசிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். ரேணுகாவுக்கு ஆறவேயில்லை.

அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தாள். "அவர் போன தடவை பேசினதையே அழிச்சிட்டீங்க. இப்ப மறுபடி சொல்வார். சொன்னதைச் சொன்னபடி எழுதுங்க."

பாஸ்கரன் எழுந்து பேசினார். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. நடுவில், கைபேசியில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பிரசன்னாவின் விரல்கள் நின்றன.

"சார், கடைசியாச் சொன்னது புரியல. இன்னொரு தடவை சொல்றீங்களா?"

பாஸ்கரன் சொன்னார்.